தாத்தாவின் டிரங்குப் பெட்டி: எதைக் காப்பது, எதைத் திருத்துவது, எதை ஒப்படைப்பது

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சுருக்கம்:

"என் அம்மாவின் அப்பா எட்டு மாதங்களுக்கு முன்பு 82 வயதில் காலமானார். 1962-இல் ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, 1965, 1971 இரண்டு போர்களையும் கண்டவர். 1977-இல் பென்ஷனோடு வெளியே வந்தார். மறு வருடமே தீயணைப்புத் துறையில் டிரைவராகச் சேர்ந்து 2001-இல் ஓய்வு பெற்றார். என்னை வளர்த்தது அவர்தான். அவருடைய டிரங்குப் பெட்டியில் மெடல்கள், டிஸ்சார்ஜ் புக், காக்கிச் சட்டை, பழைய ஹெல்மெட், போட்டோக்கள் இருக்கின்றன. ஒரு துப்பாக்கித் தோட்டாவும் இருக்கிறது. எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஆசை. ஆனால் பெரிய மாமா மெடல்களை விற்றுவிடலாம் என்கிறார். சின்ன மாமா, அவை அரசாங்கச் சொத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறார். முதலாம் ஆண்டு நினைவு நாளில் ஊர் முகப்பில், 'பங்களாதேஷ் போரில் வீரப் பதக்கம் பெற்றவர், தீயணைப்பு வீரர்' என்று கல் நடவும், படத்துக்குத் தேசியக் கொடி போர்த்தவும் விரும்புகிறேன். 'டிரைவராக இருந்தவரை எப்படித் தீயணைப்பு வீரர் என்று போடுவது' என்று மாமா கேட்டது மனதை உறுத்துகிறது. அம்மாச்சிக்குத் தீயணைப்புத் துறை வேலைக்கான குடும்ப பென்ஷன் கருவூலத்திலிருந்து வருகிறது. மிலிட்டரி பென்ஷன் தாத்தா கணக்கிலேயே இன்னும் விழுகிறது. 'இரண்டு குடும்ப பென்ஷன் தர மாட்டார்கள், வருகிறவரை வரட்டும்' என்று மாமா ஏடிஎம்மில் எடுத்து அம்மாச்சியிடம் கொடுக்கிறார். 1997 தஞ்சைப் பெரிய கோயில் தீ விபத்துக்கு தாத்தா போயிருந்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது அதை நினைத்து நினைத்து அழுகிறேன். ஆர்.டி.ஐ. போட்டால் எல்லாம் கிடைக்குமா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தாத்தாவின் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம். கல் நடுவதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றில் ஒன்று இந்த வாரமே முடிய வேண்டும். உங்கள் அம்மாச்சியின் உரிமையும் தாத்தாவின் காகிதங்களும் முதலில்; கல் காத்திருக்கலாம்.

முதலில் அந்த பென்ஷன் கணக்கு

ஓய்வூதியம் ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்வரைதான். இறந்த நாளுக்குப் பிறகு கணக்கில் விழும் ஒவ்வொரு ரூபாயும் அரசுக்குத் திரும்ப வேண்டிய பணம். இப்போது ராணுவ ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்ற இணையவழி முறையில் நேரடியாக வழங்கப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் உயிர்வாழ் சான்றின் பேரில்தான் அது ஓடுகிறது. நீங்கள் யாரும் இறப்பைத் தெரிவிக்காததால் பழைய சான்றின் பலத்தில் பணம் வந்துகொண்டிருக்கிறது. சான்று காலாவதியாகும் நாளில் அது நிற்கும், கூடவே விசாரணையும் வரும். அட்டையைப் பயன்படுத்தி எடுத்தவர் யார் என்ற கேள்வி அப்போது எழும். மாமா அம்மாச்சிக்காகத்தான் எடுத்தார் என்பதை நம்புகிறேன். ஆனாலும் தெரிந்தே எடுத்தது என்று ஆகிவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு முடியாமல், மோசடி வழக்காகவும் அது மாறக்கூடும். இன்றே எடுப்பதை நிறுத்துங்கள். எடுத்த தொகையைத் தேதிவாரியாக எழுதி வையுங்கள்.

"இரண்டு குடும்ப ஓய்வூதியம் கிடையாது" என்று மாமா சொல்வது அவராக இட்டுக்கட்டியது அல்ல. முன்பு அப்படித்தான் இருந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ராணுவ ஓய்வூதியம் பெற்றுக்கொண்டே மத்திய, மாநில அரசுப் பணியில் மறுவேலைக்குச் சேர்ந்து அங்கும் ஓய்வூதியம் பெற்றவர்களின் குடும்பத்துக்கு, 24.09.2012 முதல் இரண்டு பக்கமும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. உங்கள் அம்மாச்சி இந்த வரையறைக்குள் வருகிறார். எட்டு மாதமாகத் தனக்கு உரிமையுள்ள பணத்தைக் கேட்காமல், உரிமையில்லாத பணத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார். இதைச் சரிசெய்வது உங்களால் முடிகிற காரியம்.

இறப்புச் சான்று, தாத்தாவின் ராணுவ ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ.), டிஸ்சார்ஜ் புக், அம்மாச்சியின் ஆதார், பான், அவர் பெயரில் தனிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். ஓய்வூதியர் இறப்பைத் தெரிவிக்கும் வசதி ஸ்பர்ஷ் தளத்திலேயே இருக்கிறது. அலுவலகத்தில் உதவி கேட்டுச் செய்வது நல்லது. அதோடு வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். குடும்ப ஓய்வூதியம் இறந்த மறுநாளிலிருந்தே சேரும் என்பதால், கூடுதலாக எடுத்ததை அந்த நிலுவையில் கழித்துக்கொள்ளும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். கைப்பட ஒப்புக்கொண்டு முன்வருகிற குடும்பத்தை அலுவலகம் நடத்தும் விதம் வேறு, கண்டுபிடித்துப் பிடிக்கும்போது நடத்தும் விதம் வேறு.

இதில் பெரும்பாலான குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். 1960-களில் ஊரில் கூப்பிட்ட பெயரை ராணுவக் குமாஸ்தா ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆதாரில் வேறு பெயர் இருக்கும். பிறந்த தேதியும் பொருந்தாது. பி.பி.ஓ.வில் மனைவி என்று எழுதியுள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறுபட்டால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் தயாரித்துவிடுங்கள். விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு செய்தால் மாதக்கணக்கில் தாமதமாகும். அப்படியே அம்மாச்சிக்குப் படைவீரர் விதவை அடையாள அட்டையும் அதே அலுவலகத்தில் கேளுங்கள், தாத்தா ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் இருந்தவர் என்றால் அம்மாச்சியின் உறுப்பினர் அட்டையையும் புதுப்பிக்க வேண்டும். கருவூலத்தில் ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதியைக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்டிருக்காவிட்டால் கேளுங்கள்.

அந்தத் தோட்டா

கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டாம். வெடிக்காத தோட்டாவை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பெட்டியில் இருந்ததே தெரியாது என்றிருந்தால் சட்டம் வேறு விதமாகப் பார்க்கும். தெரிந்தே வைத்திருப்பதுதான் குற்றமாகிறது. உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது, எனக்கே எழுதியும் இருக்கிறீர்கள். துடைக்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், அடுப்படிப் பக்கமோ வெயிலிலோ வைக்காதீர்கள். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறவும் வேண்டாம். காவல் நிலையத்துக்குப் போய், இறந்தவரின் பெட்டியில் கிடைத்தது, ஒப்படைக்க விரும்புகிறோம் என்று எழுதிக் கொடுத்து, அவர்களை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். வெறும் பித்தளைக் கூடு என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அதையும் அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.

மெடல்கள் யாருடையவை

சின்ன மாமாவின் எண்ணம் தவறு. பதக்கங்கள் கொடுக்கப்பட்டவருக்கே சொந்தம், இறப்புக்குப் பின் அரசுக்குத் திருப்ப வேண்டியதில்லை. பெரிய மாமா நினைப்பதும் சரியில்லை, அவர் தனியாக விற்க முடியாது. உயில் இல்லாததால் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி மனைவி, இரண்டு மகன்கள், மகள் என நால்வருக்கும் சம பங்கு. உங்கள் அம்மா உயிரோடு இருப்பதால் உங்களுக்கு நேரடிப் பங்கு இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அன்பு எவ்வளவு இருந்தாலும், பெட்டியை நீங்களாகத் தூக்கிக்கொண்டு போகும் உரிமை உங்களுக்குக் கிடையாது. நால்வரும் கையெழுத்திட்ட ஒரு பக்க ஒப்பந்தம் போதும்: பெட்டியில் உள்ள பொருள்களின் பட்டியல், யார் பொறுப்பில் இருக்கும், நால்வரின் சம்மதமில்லாமல் விற்கவோ கொடுக்கவோ கூடாது, அவ்வளவுதான். அம்மாச்சி இருக்கும்வரை அவர் பொறுப்பில் இருக்கட்டும் என்பது என் யோசனை. மாமாக்கள் இருவரும் அதற்கு மறுப்புச் சொல்ல வாய்ப்பு குறைவு.

விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியப் பதக்கங்களின் விளிம்பில் பொதுவாகப் பெற்றவரின் படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்து மாமாவுக்குக் காட்டுங்கள். தன் அப்பா பெயர் பொறித்த உலோகத்தைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு அவர் மனம் மாறலாம்.

நினைவு நாளில் குடும்பத்தில் ஒருவர் மெடல்களை அணியலாமா என்றால், இறந்தவரின் பதக்கங்களைக் குடும்பத்தார் வலப்பக்க மார்பில் அணிவதுதான் வழக்கம். இடப்பக்கம், அதைப் பெற்றவருக்கு மட்டும். சீருடையை யாரும் போட்டுக்கொள்ள வேண்டாம். படைவீரர் என்று பிறர் நம்பும் நோக்கத்தோடு அதை அணிவது பாரதிய நியாய சன்ஹிதா 168-வது பிரிவின்படி குற்றம். வீட்டு நிகழ்ச்சியில் அந்த நோக்கம் இல்லைதான். ஆனால் அதே படம் நாளை வலைத்தளத்தில் வேறு விளக்கத்தோடு சுற்றும்.

கல்லில் எழுதுவதற்கு முன்

நீங்கள் அனுப்பிய மெடல் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன்: சமர் சேவா ஸ்டார் 1965, ரக்ஷா மெடல் 1965, பஸ்சிமி ஸ்டார், சங்ராம் மெடல், சுதந்திர வெள்ளிவிழா மெடல், நீண்ட சேவை மெடல். இதைப் படித்தபோது உங்கள் கல்வெட்டு வாசகத்தில் இரண்டு தவறு தெரிந்தது.

1971 டிசம்பர் போரில் கிழக்கு முனையில், அதாவது பங்களாதேஷ் பக்கம் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது பூர்வி ஸ்டார். உங்கள் தாத்தாவிடம் இருப்பது பஸ்சிமி ஸ்டார், மேற்கு முனைக்கானது. அவர் பாகிஸ்தானின் மேற்கு எல்லையில் இருந்திருக்கிறார். 16 டிசம்பரில் டாக்காவில் சரணடைவு நடந்தபோது அவர் அங்கில்லை என்றே அந்த நட்சத்திரம் சொல்கிறது. இரண்டாவது, இவை எதுவும் வீரப் பதக்கம் அல்ல. போர்க்களப் பணிக்கும் சேவைக்குமான பதக்கங்கள். பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா, சேனா பதக்கம் போன்றவைதான் வீரச் செயலுக்கானவை. அவை அரசிதழில் வெளியாகும், பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் தளத்திலும் பெயர் தேடலாம். கல்லில் இல்லாத விருதைப் பொறித்துவிட்டால், அதைப் படிக்கும் முதல் முன்னாள் ராணுவத்தினர் தாத்தாவின் மொத்தச் சேவையையும் சந்தேகிப்பார். அவருக்கு அந்த அவமானம் தேவையில்லை. இரண்டு போர்களில் போர்முனைக்குப் போய் வந்தவர் என்பதே முழு உண்மை, அது குறைந்த பெருமை இல்லை.

இனி, 'டிரைவர்தானே' என்ற கேள்வி. இதற்கு நீங்கள் கலங்க வேண்டியதே இல்லை.

தீயணைப்பு வண்டி ஓட்டுநரின் வேலை வண்டி நின்றதும் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. வண்டியின் எஞ்சின் சக்தியைச் சக்கரத்திலிருந்து பம்புக்கு மாற்றி, அழுத்தமானியைப் பார்த்தபடி நிற்க வேண்டியவர் அவர். நீர்த்தாங்கி வண்டியின் தொட்டியில் வழக்கமாக 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். இரண்டு குழாய்களை முழுதாகத் திறந்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதற்குள் குளத்திலோ வாய்க்காலிலோ உறிஞ்சு குழாயை இறக்கி, முனையில் கூடைச் சல்லடை மாட்டி, காற்றை வெளியேற்றித் தண்ணீரை இழுக்க வேண்டும். தண்ணீர் ஏறத்தாழ 7 மீட்டருக்குக் கீழே போனால் பம்பு இழுக்காது. இணைப்பில் எங்காவது காற்று புகுந்தாலும் இழுக்காது. பாசியும் தழையும் சல்லடையை அடைத்தாலும் அதே கதிதான், டெல்டாக் குளங்களில் இது எப்போதும் நேர்வது. அழுத்தம் விழுந்தால், புகைக்குள் குழாய் பிடித்து நிற்பவர்களுக்கு முன்னால் தண்ணீர் இருக்காது. திடீரென்று ஏறினால் குழாய் முனை கையை விட்டுத் துள்ளி ஆளை அடித்துவிடும். உள்ளே போனவர்கள் உயிரோடு திரும்பியது வெளியே நின்றவரின் கையால். 23 ஆண்டுகள் அதைச் செய்தவரைத் தீயணைப்பு வீரர் என்று தாராளமாக எழுதுங்கள். வேண்டுமானால் இப்படி: "மெட்ராஸ் சாப்பர்ஸ், 1962–1977. 1965, 1971 போர்முனைப் பணி. தமிழ்நாடு தீயணைப்புத் துறை வீரர், ஓட்டுநர், 1978–2001." இதற்கு மேல் அடைமொழி தேவையில்லை.

கல்லை ஊர் முகப்பில் நட வேண்டாம். அது சாலைப் புறம்போக்கு. பொதுச் சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 18.01.2013 அன்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சாலையோரத்தில் எழுப்பும் எந்தக் கட்டுமானமும் ஆக்கிரமிப்பாகவே பார்க்கப்படும். சாலை அகலமாகும் நாளில் இயந்திரம் வந்து எடுத்துப் போடும். சொந்தப் பட்டா நிலத்தில், நால்வர் சம்மதத்தோடு வையுங்கள். அசோகச் சிங்க முத்திரையைப் பொறிக்கக் கூடாது, 2005-இன் அரசு இலச்சினைச் சட்டம் அதைத் தடுக்கிறது. தேசியக் கொடியைப் படத்துக்கோ கல்லுக்கோ போர்த்தக் கூடாது. அரசு மரியாதை இறுதிச்சடங்கும் படையினரின் இறுதிச்சடங்கும் தவிர வேறெங்கும் போர்வையாகப் பயன்படுத்துவது தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாக வரும். கம்பத்தில் முறைப்படி ஏற்றி வைப்பதில் தடையில்லை.

பெட்டியைத் திறந்த பிறகு

மெடல்களைப் பிராசோ போன்ற உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் கொஞ்சம் போகும், முதலில் மறைவது விளிம்பில் உள்ள பெயர்தான். மென்மையான பருத்தித் துணியால் தூசி மட்டும் தட்டுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம். நம் ஊர் வெக்கையில் அது கசிந்து செம்பு கலந்த உலோகத்தில் பச்சை பிடிக்க வைக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ரிப்பன்கள் வெயிலில் வெளுக்கும் என்பதால் ஜன்னல் எதிரே கண்ணாடிப் பெட்டி வேண்டாம். வரவேற்பறையில் வைக்க நகல் ரிப்பன் போதும்.

காக்கிச் சட்டையை வாஷிங் மெஷினில் போடாமல், நிழலில் காற்றாட விட்டு, மடிப்பில் பழைய துணியைச் சுருட்டி வைத்து மடியுங்கள். பழைய மடிப்புக் கோட்டிலேயே திரும்ப மடித்தால் நூல் அங்கேதான் அறும். பெட்டியைத் தரையில் வைக்காமல் கட்டைகள் மேல் ஏற்றுங்கள். டிஸ்சார்ஜ் புக்கை எக்காரணம் கொண்டும் லேமினேஷன் செய்யாதீர்கள். பின்னர் பிரிக்க முடியாது, மூலம் வேண்டும் என்று கேட்கும் அலுவலகமும் சந்தேகப்படும். போட்டோக்களை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காமல் கண்ணாடியோடு படம் பிடியுங்கள். நகல்கள் மூன்று இருக்கட்டும், ஒன்றாவது வேறொரு வீட்டில்.

ஆர்.டி.ஐ., பதிவு அலுவலகம், 1997

தகவல் உரிமைச் சட்டத்தில் ராணுவமும் அடக்கம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் பேத்தி கேட்டால் 'தனிநபர் விவரம்' என்று மறுக்க இடமுண்டு. அதனால் முதலில் சாதாரணக் கடிதமாக, அம்மாச்சியின் கையெழுத்தில், பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். படை எண், பதவி, சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, பி.பி.ஓ. எண் குறிப்பிட்டு, இறப்புச் சான்றும் டிஸ்சார்ஜ் புக் நகலும் இணையுங்கள். எந்தெந்தப் பிரிவுகளில் பணியாற்றினார், எந்தப் பதக்கங்களுக்குத் தகுதி, வழங்கப்படாமல் நின்றுபோனது ஏதாவது உண்டா என்று மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். தாமதிக்க வேண்டாம். ஓய்வூதியம் இல்லாமல் வெளிவந்தவர்களின் சேவை ஆவணங்களை ராணுவம் 25 ஆண்டுகளில் அழித்துவிடும். ஓய்வூதியர்களுடையது அதைவிட நீண்ட காலம் இருக்கும் என்றாலும் அதற்கும் ஒரு முடிவு உண்டு. 'லாங் ரோல்' எனப்படும் பெயர்ப் பேரேடு மட்டுமே நிரந்தரமானது.

தீயணைப்புத் துறைப் பணிப்பதிவேட்டை மாவட்ட அலுவலரிடம் கேளுங்கள். எந்த நிலையத்தில் எப்போது இருந்தார், ரிவார்டு, நற்சான்று எல்லாம் அதில் இருக்கும். 7 ஜூன் 1997 அன்று பெரிய கோயிலில் குடமுழுக்குக்காகப் போட்ட கீற்றுப் பந்தலில் பிடித்த தீயில் 48 பேர் இறந்தார்கள். அதற்குப் போன வண்டிகள், ஆட்கள் பற்றிய தீ அறிக்கை இருந்தால் அதன் நகலைக் கேட்கலாம். மாநில அலுவலகத்துக்கு ஆர்.டி.ஐ. மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்.

அன்று அவர் எதைப் பார்த்தார் என்பது அறிக்கையில் இருக்காது. நீங்கள் கேட்காமல் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருப்பார் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அந்தத் தலைமுறைத் தீயணைப்புக்காரர்கள் பலர் வீட்டுக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது என்று தீர்மானமாக இருந்தவர்கள். உங்களை வளர்த்த மனிதர் உங்களிடமிருந்து அதை விலக்கி வைத்திருக்கிறார். அது அவர் முடிவு, உங்கள் குற்றமல்ல. அந்த நாளைப் பற்றிக் கற்பனையாக எதையும் எழுதி நிரப்பாதீர்கள்.

கேட்க இன்னும் ஆள் இருக்கிறது. அம்மாச்சியிடம் கேளுங்கள். "தாத்தாவுக்கு எப்படி இருந்தது" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்று முடித்துவிடுவார். ஒரு போட்டோவைக் கையில் கொடுத்து, இது எந்த ஊர், ராத்திரி மணி அடித்துப் போனால் எப்போது திரும்புவார், வந்ததும் முதலில் என்ன செய்வார், சட்டையை எங்கே துவைப்பீர்கள் என்று கேளுங்கள். அரைமணிக்கு மேல் வேண்டாம், அவர் களைத்துப் போவார். போனில் பதிவு செய்து, அன்றிரவே தேதியோடு பெயரிட்டுச் சேமியுங்கள். தாத்தாவோடு வேலை பார்த்தவர்கள் யார் யார் என்ற பெயர்கள் அந்தப் பேச்சில்தான் வரும். நிலையத்தில் அந்தப் பெயர்களைச் சொன்னால் ஓய்வு பெற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டிவிடுவார்கள்.

நினைவு நாளுக்குப் பெரிதாக ஏதாவது செய்ய ஆசை என்றால் ஒன்று சொல்கிறேன். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகக் கப்பல் வெடிவிபத்தில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அந்த நாளில் தொடங்கி ஒரு வாரம் நாடு முழுவதும் தீத்தொண்டு வாரம் நடக்கிறது. அப்போது பள்ளிகளில் செயல்விளக்கம் செய்வார்கள். நீங்கள் படித்த ஊர்ப் பள்ளிக்கு வரும்படி நிலைய அலுவலரிடம் தலைமையாசிரியரின் கடிதத்தோடு கேளுங்கள். சமையல் கியாஸ் சிலிண்டரில் தீப்பிடித்தால் ஈரச் சாக்கால் எப்படி மூடுவது என்பதைப் பிள்ளைகள் கையாலேயே செய்து பார்க்கட்டும். செலவு குடும்பத்துக்கு மிட்டாய் வாங்கும் அளவுக்குத்தான் இருக்கும். அந்த வாரம் நிலையத்தில் நாள் கிடைப்பது கடினம், அதனால் மார்ச் முதல் வாரத்திலேயே போய்க் கேட்டுவிடுங்கள்.